முதல் வீட்டு முன்பணம்: எவ்வளவு சேமிக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும்?

வித்துரா (திருவனந்தபுரம்): வேலையில் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே சொந்தமாக ஒரு வீடோ மனையோ வாங்க விரும்பும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்பதுதான். "பத்து சதவீதம் போதும், மீதியை வங்கி தரும்" என்ற பதில் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேரளத்தில் வாங்குவோருக்கு இந்தப் பதில் பாதி உண்மை மட்டுமே. வங்கி கேட்கும் பங்குக்கு ஏறத்தாழ இணையான மற்றொரு தொகையைப் பத்திரப் பதிவுக்கும் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது தொகையைக் கணக்கில் சேர்க்காதவர்களே கடைசி நேரத்தில் நகையை அடகு வைக்கவும் தனிநபர் கடன் வாங்கவும் நேரிடுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள வித்துராவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முன்பணச் சேமிப்பின் கணக்கையும் அதற்கான வழிகளையும் எச்சரிக்கைகளையும் இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

மலையடிவார ஊரில் சொந்த மனையின் பொருள்

வித்துராவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் உள்ளது. மாவட்டத் தலைநகரின் கழக்கூட்டத்தில், 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் இயங்குகிறது. மறுபுறம், இதே ஊரைச் சுற்றிய மலைகளில் பொன்முடி, போணக்காடு போன்ற பழைய தேயிலைத் தோட்டங்கள் உள்ளன.

தென்கேரளத்தின் மலைத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். தொழிலாளர்களுக்கு வீடு தருவதை நிர்வாகத்தின் கடமையாக 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு பிணைந்தது; வேலை முடிந்தால் வீட்டின் மீதான உரிமையும் முடிந்துவிடும். போணக்காட்டில் தோட்டம் இயங்காமல் போனபோது, பழுதடைந்த லயங்களைத் தவிர ஒதுங்க இடமில்லாத நிலை தொழிலாளர் குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 முதல் குடிகிடப்புக்காரர்களுக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்தவர்களுக்கு, கிராமப்பகுதிகளில் 10 சென்ட் வரை நிலம் பெறும் உரிமையை அளித்தது. தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்து விலக்கு வழங்கப்பட்டதால், லயங்களில் இருந்தவர்களுக்கு அந்தச் சீர்திருத்தத்தின் பலன் கிட்டவில்லை. ஆகவே இத்தகைய குடும்பங்களில் பிறந்து இன்று மாதச் சம்பளம் பெறும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ வாங்கும் ஐந்து சென்ட் மனை, பெரும்பாலும் அக்குடும்பத்தின் முதல் சொத்தாகவே இருக்கும். அதற்கான பணத்தை இழந்தால் மீண்டும் சேர்ப்பதற்குப் பின்னணியில் வேறு சொத்து இராது. இதனால் சேமிப்பைப் பெருக்குவதைவிட, அதைப் பாதுகாப்பது இவர்களுக்கு முக்கியமாகிறது.

உண்மையான இலக்கு எவ்வளவு?

வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு விதித்துள்ளது. கடன் தொகை ரூ.30 லட்சம் வரை இருந்தால் மதிப்பில் 90 சதவீதம், ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம் என்பன அந்த உச்ச வரம்புகள். இவை வங்கி தரக்கூடிய அதிகபட்ச அளவுகளே தவிர, தந்தே தீர வேண்டிய அளவுகள் அல்ல. வருமானம், கடன் வரலாறு, சொத்தின் ஆவணங்கள் ஆகியவற்றைப் பார்த்து வங்கி இதைவிடக் குறைத்தும் வழங்கலாம்.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் போன்ற செலவுகளை வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. கேரளத்தில் கிரயப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக மொத்தம் 10 சதவீதம். பத்திரத்தில் குறிப்பிடும் விலை, அரசு நிர்ணயித்த நியாய மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மீது இது கணக்கிடப்படும். தமிழ்நாட்டில், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் குறைக்கப்பட்ட பிறகு, இந்தச் செலவு மொத்தம் 9 சதவீதமாக உள்ளது.

ரூ.30 லட்சம் விலையுள்ள வீட்டை எடுத்துக்கொண்டால் கணக்கு இவ்வாறு அமையும்:

- வங்கி தரக்கூடிய அதிகபட்சக் கடன்: ரூ.27 லட்சம்
- வாங்குபவர் தர வேண்டிய பங்கு: ரூ.3 லட்சம்
- முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும்: ரூ.3 லட்சம்
- கையில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை: ரூ.6 லட்சம்

பத்திர எழுத்தர், வழக்கறிஞர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், நில அளவை, குடிபுகும் செலவு ஆகியவை இதற்கு மேல் வரும். எனவே கேரளத்தில் வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான தொகையைத் தொடக்க இலக்காகக் கொள்வதே பொருத்தமானது. வீடு ரூ.40 லட்சம் என்றால் 80 சதவீத வரம்பின்படி கடன் ரூ.32 லட்சம், சொந்தப் பங்கு ரூ.8 லட்சம்; பதிவுச் செலவு ரூ.4 லட்சம். விலை மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு, கையிருப்புத் தேவை இரண்டு மடங்காகிறது. விற்பவரிடம் விலை பேசும் முன்பு இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

வீட்டின் விலை ரூ.10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் பதிவுச் செலவுகளையும் மதிப்பில் சேர்த்துக் கணக்கிட வங்கிகளுக்கு அனுமதி உண்டு. சிறிய வீடு வாங்குவோர் இந்தச் சலுகையைத் தங்கள் வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டும். வெறும் மனை வாங்குவதற்கும் கடன் கிடைக்கும். ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் அதில் வீடு கட்டுவதாக எழுதித் தர வேண்டியிருக்கும்.

இளம் வயதின் பலம் காலமே

தபால் நிலையத் தொடர் வைப்புக் கணக்கைக் கொண்டு இதை எளிதாக விளக்கலாம். இது ஐந்தாண்டுத் திட்டம். மாதம் ரூ.100 முதல் செலுத்தலாம். பத்து வயது நிறைந்த சிறுவர்களும் தங்கள் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். புதிய கணக்குகளுக்கான வட்டியை மத்திய அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக்கப்பட்ட வட்டியின்படி, மாதம் ரூ.1,000 செலுத்தினால் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ ரூ.71,366 கிடைக்கும். முதிர்வுக்குப் பின் மேலும் ஐந்தாண்டுகள் நீட்டித்துத் தொடர்ந்து செலுத்தினால் பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ ரூ.1,70,850 கிடைக்கும்.

இதன்படி ரூ.6 லட்சம் சேர்க்க, 25 வயதில் தொடங்கும் ஒருவர் 30 வயது வரை மாதம் சுமார் ரூ.8,400 செலுத்த வேண்டும். 20 வயதில் தொடங்குபவருக்கு மாதம் சுமார் ரூ.3,500 போதும். முன்னவர் கையிலிருந்து செலுத்துவது ஏறத்தாழ ரூ.5.04 லட்சம், பின்னவர் செலுத்துவது ரூ.4.2 லட்சம். கூடுதல் ஆண்டுகள் தரும் வட்டியே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

பத்தாண்டுகளில் மனை விலையும் ஏறக்கூடும் என்பதால், சம்பளம் உயரும்போதெல்லாம் மாதச் சேமிப்பையும் உயர்த்த வேண்டும். இக்கணக்கை மூன்றாண்டு முடிந்த பின் இடையில் மூடலாம் எனினும், அப்போது சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டியே கிடைக்கும். ஆகவே அவசரச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டு, வீட்டுக்கான பணத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

சேமிக்கும் காலத்தை மற்றொரு வகையிலும் பயன்படுத்திக்கொள்ளலாம். ரூ.27 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.23,400 ஆகும். இப்போது கொடுக்கும் வாடகையும் மாதச் சேமிப்பும் சேர்ந்து இந்தத் தொகையை எட்டுகின்றனவா என்று ஓராண்டுக்குப் பார்த்தால், கடனைத் தாங்க முடியுமா என்பது கடன் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். எட்டவில்லை எனில், விலை குறைந்த வீட்டை நாடலாம் அல்லது இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாம்.

சிட்டி: கேரளத்தின் பழகிய வழி

தமிழ்நாட்டில் சீட்டு என்று வழங்குவதே கேரளத்தில் சிட்டி எனப்படுகிறது. கேரள அரசுக்குச் சொந்தமான கேரள மாநில நிதி நிறுவனம், அதாவது கே.எஸ்.எஃப்.இ., 1969-இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. நாடாளுமன்றம் 1982-இல் இயற்றிய சீட்டு நிதிச் சட்டம் கேரளத்தில் 2012-இல் நடைமுறைக்கு வந்தது.

எடுத்துக்காட்டாக, 50 பேர் மாதம் ரூ.10,000 வீதம் 50 மாதங்கள் செலுத்தும் சிட்டியின் மொத்தத் தொகை ரூ.5 லட்சம். ஒரு மாதம் ஒருவர் ரூ.1 லட்சம் தள்ளி ஏலம் எடுத்தால் அவருக்கு ரூ.4 லட்சம் கிடைக்கும். நடத்துபவரின் கழிவு 5 சதவீதம் எனக் கொண்டால் ரூ.25,000 போக மீதி ரூ.75,000 உறுப்பினர்களுக்குப் பகிரப்படும்; தலைக்கு ரூ.1,500. அந்தத் தவணைக்கு ஒவ்வொருவரும் ரூ.8,500 செலுத்தினால் போதும்.

முன்பணம் சேர்ப்போர் இதில் இரு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, தொடக்கத்திலேயே ஏலம் எடுப்பது கடன் வாங்குவதற்கு ஒப்பாகும். மீதித் தவணைகளுக்கு ஜாமீன் தர வேண்டும். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது, அந்தத் தவணைகள் போக எஞ்சும் வருமானத்திலிருந்துதான் மாதத் தவணையைச் செலுத்த முடியும். கடைசி மாதங்கள் வரை காத்திருப்பவருக்கே சிட்டி சேமிப்பாகப் பயன்படுகிறது. இரண்டாவது, பதிவு பெற்ற சிட்டிக்கு மட்டுமே சட்டத்தின் காப்பு உண்டு. அறிமுகமானவர் நடத்துகிறார் என்ற நம்பிக்கையில் பதிவில்லாச் சீட்டில் வீட்டுப் பணத்தைப் போடுவது அபாயகரமானது.

வைப்புத் தொகைக்குக் காப்பீடு உண்டா?

வங்கி வைப்புத் தொகைக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை, வட்டியும் சேர்த்து, வைப்புக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் இவ்வரம்பு ரூ.1 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. இலக்கு ரூ.6 லட்சமோ அதற்கு மேலோ என்றால், பணத்தை இரு வங்கிகளில் பிரித்து வைப்பது நல்லது.

கேரளத்தின் சிற்றூர்களில் 'சர்வீஸ் சகரண பாங்க்' என்ற பெயரில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் ஏராளம். கூடுதல் வட்டியும் அருகில் இருப்பதும் மக்களை ஈர்க்கின்றன. ஆனால் இத்தகைய தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் வைப்புகளுக்கு மேற்கண்ட காப்பீடு பொருந்தாது. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியும் இதைச் சுட்டிக்காட்டிப் பொதுமக்களை எச்சரித்தது. அதே ஆண்டு திருச்சூர் மாவட்டத்தின் கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் முறைகேடு வெளிப்பட்டபோது, தங்கள் பணத்தைத் திரும்பப் பெற வைப்பாளர்கள் நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. கேரள அரசின் கூட்டுறவு வைப்பு உத்தரவாத நிதி தனியே உள்ளது. எனினும் நாள் குறித்து வீடு வாங்க இருப்பவருக்கு, பணம் என்றாவது கிடைக்கும் என்பது போதாது. அந்த நாளில் கிடைக்க வேண்டும். மாவட்டக் கூட்டுறவு வங்கிகளை இணைத்து 2019-இல் உருவான கேரளா பாங்க் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் வைப்புகளுக்குக் காப்பீடு உண்டு.

பங்குச் சந்தை சார்ந்த பரஸ்பர நிதிகள் நீண்ட காலத்தில் கூடுதல் வளர்ச்சி தரக்கூடும். இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் முன்பணத்துக்கு அவை ஏற்றவை அல்ல; வாங்கும் நேரத்தில் சந்தை சரிந்திருந்தால் வீட்டையே தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

பிற ஆதாரங்கள்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து வீடு, மனை வாங்குவதற்குப் பகுதித் தொகையை எடுக்கலாம். இந்த விதிகளை எளிமையாக்க அதன் அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கழிகிறது என்பதையும் மறக்கலாகாது.

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் ரூ.9 லட்சம் வரை உள்ள, வேறெங்கும் சொந்தமாக நிலையான வீடு இல்லாத குடும்பங்களுக்கு இதில் வீட்டுக் கடன் வட்டி மானியம் ரூ.1.80 லட்சம் வரை கிடைக்கும். வித்துரா கிராமப் பஞ்சாயத்து என்பதால், நகர்ப்புறத் திட்டத்தை நம்பிக் கணக்குப் போடும் முன் வாங்கும் இடம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்று வங்கியில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நிலமும் வீடும் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்காகக் கேரள அரசு 2017-இல் தொடங்கிய லைஃப் மிஷன் திட்டத்தில் வீடு கட்ட ரூ.4 லட்சம் உதவி வழங்கப்படுகிறது. இதற்கான தேர்வு உள்ளாட்சி அமைப்பின் வழியே நடைபெறுகிறது.

வீட்டுக் கடனின் அசல், வட்டி ஆகியவற்றுக்குக் கிடைக்கும் பழக்கமான வருமான வரிக் கழிவுகள், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கே உரியவை.

முன்பணம் கொடுக்கும் முன்: 'நிலம்' என்றால் வயல்

பல ஆண்டுச் சேமிப்பு கைமாறும் கட்டம் இது. கேரள வருவாய் ஆவணங்களில் சில சொற்கள் தமிழர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியவை. தமிழில் நிலம் என்பது எந்த மண்ணையும் குறிக்கும். கேரள ஆவணத்தில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு கட்டத் தக்க மேட்டு மனையைப் 'புரயிடம்' என்று எழுதுவர். பார்வைக்கு உலர்ந்த மனையாகத் தோன்றினாலும் ஆவணத்தில் நிலம் என்று இருந்தால், 2008-ஆம் ஆண்டின் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். உள்ளூர் 'டேட்டா பாங்க்' பட்டியலில் அந்த இடம் உள்ளதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

'தோட்டம்' என்ற வகைப்பாடும் அத்தகையதே. நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு வாங்கினால், வீடு கட்ட அனுமதி பெறுவதில் சிக்கல் வரும். மலைத்தோட்டங்கள் சூழ்ந்த வித்துராப் பகுதியில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இப்பகுதியில் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. வன உரிமைச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட நிலம் வாரிசுகளுக்குச் சேருமே தவிர, விற்க முடியாது. அரசு பதித்துக் கொடுத்த பட்டய நிலத்துக்கும் குறிப்பிட்ட காலம் வரை விற்பனைத் தடை இருக்கலாம். பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் அருகில் இருப்பதால் வன எல்லையையும், சரிவான இடமாயின் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் நிலச்சரிவு அபாய வரைபடத்தையும் பார்ப்பது நல்லது.

ஆதாரம் எனப்படும் பத்திரமும் அதன் முந்தைய பத்திரங்களும், வில்லங்கச் சான்று, நடப்பு ஆண்டில் கரம் செலுத்திய ரசீது, வில்லேஜ் அலுவலகம் தரும் கைவசச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டி எழுத்து வடிவில் கருத்துப் பெற வேண்டும். கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே வங்கியின் சட்டக் கருத்தையும் கேட்பது பாதுகாப்பானது.

முன்பணத்தை வங்கி வழியாகவே செலுத்த வேண்டும். அசையாச் சொத்து விற்பனைக்கு ரூ.20,000-மோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ஒப்பந்தத்தில் மொத்த விலை, கொடுத்த தொகை, பத்திரம் பதியும் கடைசி நாள் ஆகியவற்றோடு, வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ ஆவணத்தில் குறை தெரிந்தாலோ முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற விதியும் இடம்பெற வேண்டும். கட்டுமான நிறுவனத்திடம் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கினால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அந்நிறுவனம் பெறக் கூடாது என்று ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூறுகிறது.

யார் பெயரில் வாங்குவது?

18 வயது நிறைந்தவரே ஒப்பந்தம் செய்யவும் கடன் பெறவும் முடியும். சிறுவர் பெயரில் பெற்றோர் சொத்து வாங்கலாம். ஆனால் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ நேரிட்டால் இயற்கைப் பாதுகாவலர் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அண்ணன் தங்கையோ கணவன் மனைவியோ சேர்ந்து வாங்கினால் இருவரின் வருமானமும் கடன் தகுதியில் சேரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதையும் பங்கு விகிதத்தையும் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் பின்னாளில் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வராது. குடும்பச் சொத்து இல்லாத வீட்டில் இளையவர் ஒருவரின் சம்பளத்தில் வாங்கப்படும் முதல் மனைக்கு இந்த எழுத்து மிகவும் தேவை.